என் பேரில் ஒரு லைன் கிளியர்

கழுத்தில் ரோஜா மாலை. தோளில் சரிகை போட்ட பொன்னாடை. காதில் செல்போன். மறுமுனையில் துணை மின்நிலைய ஆபரேட்டர் கருணாகரன், "சார், எல்லாரும் எறங்கிட்டாங்களா? சப்ளை குடுத்துடட்டா?" என்று கேட்கிறான்.

"குடுத்துடுப்பா" என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். முதல் எழுத்து நாக்கு நுனிக்கே வந்துவிட்டது.

இந்தத் தொடரில் இந்த இடத்துக்கு வராமல் சில வாரங்களாக டபாய்த்துக்கொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்தது, முதல் கம்பம் ஏறியது, ஆடிக் கிருத்திகைக்கு மலைப்பாதையில் விளக்கு கட்டியது என்று ஏதேதோ எழுதி, ஓய்வு பெற்ற நாளை மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். "ரிடையர் ஆன அன்னைக்கு என்னதான் சார் நடந்தது?" என்று ஒரு வாசகர் கேட்டேவிட்டார். எழுத உட்கார்ந்தால் இன்னமும் உள்ளங்கை வேர்க்கிறது. பேனா வழுக்குகிறது. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

பயந்தாங்கொள்ளியின் உத்தியோகம்

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பேர் தணிகாசலம். திருத்தணியில் தெருவில் நின்று அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் திரும்புவார்கள். மின்சாரத் துறையில் உதவியாளாகச் சேர்ந்து, கம்பம் ஏறி, லைன் இன்ஸ்பெக்டராகி, தலை நரைத்து வெளியே வந்தவன்.

கம்பம் ஏறுகிறவனைப் பார்த்து ஊரில் எல்லோரும் தைரியசாலி என்பார்கள். நான் பயந்தாங்கொள்ளி. அதைச் சொல்ல எனக்கு வெட்கமே இல்லை. தைரியசாலிகளில் சிலரை நான் தூக்கிக்கொண்டு போய்ப் பிணவறையில் விட்டிருக்கிறேன்.

எங்கள் தொழிலை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். ஒரு லைனில் வேலை செய்ய வேண்டுமானால் அதற்கு மின்சாரத்தை நிறுத்தி, ஒரு ஆள் பேரில் அனுமதி தருவார்கள். அதுதான் லைன் கிளியர். யார் பேரில் வாங்கினார்களோ அவரேதான் அதைத் திருப்ப வேண்டும். "எல்லாரும் இறங்கிட்டாங்க" என்று அவர் வாயால் சொன்ன பிறகுதான் மறுபடி மின்சாரம் விடுவார்கள்.

ஆக, மேலே இருக்கிறவன் உயிர் கீழே இருக்கிறவன் வாயில் இருக்கிறது. இதை நினைத்துக்கொண்டு எவனாவது நிம்மதியாகச் சாப்பிட முடியுமா? நான் சாப்பிட்டதில்லை. லைன் கிளியர் என் பேரில் இருக்கிற நாளில் டிபன் பாக்ஸ் கட்டினபடியே வீட்டுக்குத் திரும்பும். என் மனைவி சரோஜா அதைத் திறந்து பார்த்துவிட்டு, "இன்னிக்கும் உங்க பேர்லதானா?" என்பாள்.

சுந்தரேசன்

இந்தப் பயம் எனக்கு எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நானும் சுந்தரேசனும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே கேரியரில் புளிசாதம் பங்கு போட்டவர்கள். ஒருநாள் லைனை முறையாக நிறுத்திவிட்டுத்தான் அவன் ஏறினான். பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் விளக்கு எரியவில்லை என்று ஜெனரேட்டரைப் போட்டார்கள். அந்த மின்சாரம் வரக் கூடாத வழியில் திரும்பி லைனுக்குள் வந்துவிட்டது. மண்டபத்தில் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் கீழே கயிறு பிடித்துக்கொண்டு நின்றேன். மேலே சத்தம்கூட வரவில்லை.

அவனை இறக்கிக்கொண்டு போன பிறகு கம்பத்தடியில் அவன் செருப்பு கிடந்தது. ஏறும்போது கழற்றி வைத்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. பல நாள் அங்கேயே கிடந்தது. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் பார்ப்பேன். ஒரு மழைக்குப் பிறகு காணோம்.

ஆட்களை வைத்து வேலை வாங்குகிற இடத்துக்கு நான் வந்ததும் ஒரு சட்டம் போட்டேன். எந்தப் புத்தகத்திலும் இல்லாத சட்டம். மேலே ஏறுகிறவன் என் எதிரில் செருப்பைக் கழற்றி, நான் காட்டுகிற இடத்தில் வைத்துவிட்டுப் போக வேண்டும். இறங்கி வந்து அவனவன் செருப்பை அவனவன் மாட்டிக்கொள்ள வேண்டும். அடுத்தவன் செருப்பை எவனும் தொடக் கூடாது. கடைசி ஜோடியும் போன பிறகுதான் நான் போனை எடுப்பேன்.

ஷூ எல்லாம் கொடுத்திருந்தார்கள். வாஸ்தவம்தான். ஆனால் எங்கள் ஆட்களுக்குக் கம்பத்தில் வெறுங்கால் பிடிக்கிற மாதிரி வேறு எதுவும் பிடிக்காது.

இதை வைத்து என்னை ஓட்டாதவன் கிடையாது. அதில் முதல் ஆள் முனிரத்தினம். ஒப்பந்தத் தொழிலாளி, நாற்பதைத் தாண்டியவன், ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரன். சரோஜாவுக்கும் அதே ஊர். அதனால் அவள் தனக்குத் தங்கச்சி முறை என்று அவனே முடிவு செய்துகொண்டு, சேர்ந்த நாளிலிருந்து என்னை 'பாவா' என்றுதான் கூப்பிடுவான், தெலுங்கில் மச்சான்.

"மல மேல சாமி பாக்கப் போனா டோக்கன் குடுத்துட்டு செருப்ப வாங்கிக்கறான். நீ டோக்கன்கூட குடுக்க மாட்டேன்ற பாவா" என்பான். அவன் செருப்பின் வார் எப்போதோ அறுந்து, ஃபியூஸ் கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்கும். "இதப் போயி எவன்டா திருடப் போறான்" என்பேன் நான்.

கடைசி மாதம்

அரசாங்க வேலையில் கடைசி மாதம் போல ஒரு கெட்ட மாதம் கிடையாது. சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் பழைய தப்பு எதையாவது தோண்டி எடுத்து சஸ்பெண்ட் ஆர்டரை நீட்டிவிடுவார்களோ என்று கடைசி நாள்வரை எல்லோருக்கும் பயம் இருக்கும். தப்பே செய்யாதவனுக்கும் இருக்கும். எங்கள் இலாகாவில் இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். கடைசி வாரத்தில் கம்பத்திலிருந்து விழுந்தவர் கதைகள். ரிடையர் ஆகப்போகிறவனிடம்தான் அந்தக் கதைகளைத் தேடி வந்து சொல்லுவார்கள்.

சரோஜா மாதம் பிறந்ததுமே ஆரம்பித்துவிட்டாள். "லீவு போட்டுட்டு வூட்ல கெடங்க. இத்தினி வருசம் ஓடியாந்தது போதும். நல்லபடியா வந்துட்டா உங்களுக்கு மலைல மொட்ட போடறேன்னு வேண்டிகினு கீறேன்."

"வேண்டிக்கிறது நீ, மொட்டை எனக்கா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

லீவு போட்டிருக்கலாம். போடவில்லை. என் பேரில் இன்னொருவன் மேலே இருக்கும்போது பயப்படுவது எனக்குப் பழகின பயம். வீட்டில் சும்மா உட்கார்ந்துகொண்டு பயப்பட எனக்குத் தெரியாது.

புளியமரத்தடி

கடைசி நாளன்று பொதட்டூர்பேட்டைப் பக்கம் போகிற லைனில் பராமரிப்பு வேலை. கிளை வெட்டுவது, வெடித்த பீங்கானை மாற்றுவது. லைன் கிளியர் என் பேரில். அந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு விசைத்தறி. மின்சாரம் போனால் ஊரே வாயை மூடிக்கொள்ளும். வந்தால் எல்லாத் தறியும் ஒரே நேரத்தில் சடசடவென்று பிடித்துக்கொள்ளும். எனக்கு அந்த நிசப்தம்தான் பிடிக்கும். தறி ஓடவில்லை என்றால் மேலே இருக்கிறவன் பத்திரமாக இருக்கிறான் என்று அர்த்தம்.

மாந்தோப்புக்கு இந்தப் பக்கம், ரோட்டோரப் புளியமரத்தடியில் செருப்புகளை வைக்கச் சொன்னேன். மத்தியானம் வரை எல்லாம் ஒழுங்காகப் போனது. வேலை முடிகிற நேரத்தில் எங்கள் உதவிப் பொறியாளர், ஏ.இ. மேடத்திடமிருந்து போன். "சார், பந்தல் போட்டு எல்லாரும் வந்தாச்சு. மாலை வாடுது. நீங்க வாங்க, மிச்சத்த ஏகாம்பரம் பாத்துப்பார்." ஏகாம்பரம் எனக்கு அடுத்த இடத்துக்கு வரப்போகிறவன். நல்லவன், ஆனால் காலில் சக்கரம் கட்டினவன்.

அவனும் விடவில்லை. "நீ போணா. பத்து நிமிசத்துல எல்லாரையும் எறக்கி இட்டாந்துடறேன்."

நான் பைக்கில் ஏறிப் போய்விட்டேன். செருப்புகள் அங்கே இருக்கும்போதே போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அங்கே நடந்தது எனக்கு அப்புறம்தான் தெரியும். அண்ணனுக்கு மாலை போடும்போது எல்லோரும் கூட இருக்க வேண்டும் என்று பயல்கள் அவசரப்பட்டிருக்கிறார்கள். தப்பி வருகிற மின்சாரத்தை மண்ணில் இறக்கிவிட லைனுக்குப் பூட்டியிருந்த எர்த் கம்பியைக் கழற்றி இலாகா வண்டியில் போட்டார்கள். கயிறு, சாப்பாட்டுப் பைகள், கீழே கிடந்த செருப்புகள், எல்லாவற்றையும் அள்ளிப் போட்டார்கள். "முனிரத்தினம் எங்க?" என்று ஏகாம்பரம் கேட்டிருக்கிறான். அவனுடைய டி.வி.எஸ். மொபெட் கண்ணில் படவில்லை. "அவன் மொதல்லயே பாவாவப் பாக்க ஓடியிருப்பான்" என்று எவனோ சொல்லியிருக்கிறான்.

என் மேல் இருந்த பிரியத்தில்தான் அத்தனையும் செய்தார்கள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது.

வண்டிக்குள் மணி

ஆபீஸ் பந்தலில், கழுத்தில் மாலையோடு, கருணாகரனின் போனைக் காதில் வைத்துக்கொண்டு ஏகாம்பரத்தைப் பார்த்தேன். "எல்லாரும் எறங்கிட்டாங்களா?"

"ஆங், எல்லாம் வந்தாச்சுணா" என்றான்.

சொல்லியிருப்பேன். ஆனால் எத்தனையோ வருஷப் பழக்கம், செருப்பைப் பார்க்காமல் எனக்கு வாய் வராது. கண் தானாக வாசலுக்குப் போனது. வண்டியின் பின்கதவு திறந்திருந்தது. ஆட்கள் தங்கள் தங்கள் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு பந்தலுக்கு வந்துவிட்டிருந்தார்கள். வண்டிக்குள் ஒரு ஜோடி மட்டும் மிச்சம். வாரில் ஃபியூஸ் கம்பி.

"கருணா, குடுக்காத. யார் சொன்னாலும் குடுக்காத. நான் மறுபடி போன் பண்றேன்" என்றேன்.

முனிரத்தினத்துக்கு போன் அடித்தேன். ஒரு முருகன் பாட்டு கேட்டது. போனுக்குள்ளிருந்து இல்லை. வண்டிக்குள்ளிருந்து, அவன் சாப்பாட்டுப் பையிலிருந்து. பந்தலில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பாட்டு மட்டும் பாடிக்கொண்டே இருந்தது. ஏகாம்பரத்தின் முகம் வெளுத்துப்போயிற்று.

ஏ.இ. மேடத்தின் போனும் அடித்தது. மேலிடம். தறிக்காரர்கள் அங்கே கத்தியிருக்கிறார்கள் போல. "சார் ஒரு ஆளத் தேடறார் சார்" என்று மேடம் சொல்ல, அந்தப் பக்கம் பேசினது எனக்கே கேட்டது. "ஆபீஸ் முடிஞ்சா அந்தாளு சர்வீஸ்லயே இல்ல. ஏகாம்பரத்து பேருக்கு மாத்தி சப்ளையக் குடுங்க. லேட்டுக்கு அந்தாளுகிட்ட எழுத்துல விளக்கம் வாங்குங்க."

கடைசி நாள் சாயங்காலம். எந்த வார்த்தைக்காக ஒரு மாதமாக நடுங்கினேனோ அந்த வார்த்தை வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு பயத்துக்குத்தான் உள்ளே இடம் இருந்தது. ஆனால் 'பேரை மாற்று' என்றது உறைத்தது. என் வாயில் இருக்கிற உயிரை எடுத்து, ஆளைப் பார்க்காத ஒருவன் வாயில் வைக்கச் சொல்கிறார்கள்.

மேடம் போனைப் பொத்திக்கொண்டு, "நீங்க போங்க சார். பேர் மாறாது. நான் இங்கயே உக்காந்திருக்கேன்" என்றாள். என் மகள் வயது.

நம்பினேன். நம்பாமல் என்ன செய்ய?

தறிச் சத்தம்

ஏகாம்பரம் பைக்கை எடுத்தான். நான் பின்னால். கையில் முனிரத்தினத்தின் செருப்பு. மாலையைக் கழற்றத் தோன்றவில்லை.

கரும்பு லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு போனது. ஒதுங்க மாட்டேன் என்றது. கருணாகரனுக்கு ஷிப்டு மாறுகிற நேரம். அடுத்து வருகிறவன் யாரோ, எவன் பேச்சைக் கேட்பானோ. "அண்ணா, நான் கூப்ட்டேன்ணா. தோப்புப் பக்கம் கத்திக் கூப்ட்டேன்ணா" என்று ஏகாம்பரம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓட்டினான். நான் தறிச் சத்தம் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தேன்.

வழியில் ஒரு நெசவுக்காரத் தெரு. தறி ஓடாமல் ஆட்கள் வாசலில் நின்றிருந்தார்கள். மாலையும் பொன்னாடையுமாக என்னைப் பார்த்து, "இன்னா லைன்மேன், கரண்டு வுடாம கல்யாணம் பண்ணிகினு போறியா?" என்று ஒருவர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவர்கள் சிரிக்கச் சிரிக்க எனக்கு நிம்மதி. தறி ஓடவில்லை.

தெரு முனை திரும்பினோம். சடசடவென்று ஒரு தறி ஓட ஆரம்பித்தது.

ஏகாம்பரத்தின் தோளைப் பிடித்த கை அப்படியே இறுகிவிட்டது. முனிரத்தினத்தின் பெண்டாட்டி முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. முருகா, முருகா என்று வாய்விட்டே சொன்னேன்.

"ஜெனரேட்டர்ணா" என்றான் ஏகாம்பரம். "அந்த ஒரு ஷெட்டுலதான் ஓடுது. ஜெனரேட்டர்."

அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். சுந்தரேசனைக் கொன்றது எது என்று அவனுக்குத் தெரியாது.

கடைசிக் கம்பம்

புளியமரத்தடி காலியாகக் கிடந்தது. மாந்தோப்பைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினோம். ஓடுகிற வயதா எனக்கு? பொன்னாடை எங்கேயோ முள்ளில் மாட்டிக்கொண்டது. தோப்புக்குப் பின்னால், நிழலில், டி.வி.எஸ். நின்றிருந்தது. அதற்கும் அப்பால் கடைசிக் கம்பத்தின் உச்சியில் அவன் இருந்தான். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் எதையோ முறுக்கிக்கொண்டு.

கத்த வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன். திடுக்கிட்டால் பிடி நழுவும். கம்பத்தடியில் போய் நின்று, மெதுவாக, "முனி, எறங்குப்பா" என்றேன்.

கீழே பார்த்தான். "தோ, ஒரு சுத்து பாவா. இந்தக் கட்டு லூசா இருந்துச்சு. உன் கடைசி வேலை, நாளைக்கு எவனும் ஒரு சொல்லு சொல்லக் கூடாதுன்னுதான் ஏறினேன்."

"அப்புறம் சுத்தலாம். நீ எறங்கு."

இறங்கினான். ஒவ்வொரு அடியாக அவன் இறங்கின நேரத்தை என் வாழ்க்கையில் சேர்த்தால் நான் நூறு வயதைத் தாண்டியிருப்பேன். கால் மண்ணில் பட்டதும் அவன் தோளைப் பிடித்துக்கொண்டேன். சட்டை வேர்வையில் ஊறிக் கிடந்தது. கையை எடுக்கவே இல்லை.

"இன்னா பாவா மாலையோட வந்துகீற? அங்க மீட்டிங் முடிஞ்சிச்சா?" என்றவன், என் கையைப் பார்த்தான். முகம் மாறியது. கோபமாகவே கேட்டான்.

"என் செருப்ப யார் எடுத்தது? வெச்ச எடத்துலதானே இருக்கணும்? நீதானே பாவா சொல்லுவ, எவனும் தொடக் கூடாதுன்னு?"

ஏகாம்பரம் அங்கேயே வரப்பில் உட்கார்ந்து அழுதுவிட்டான். நான் குனிந்து செருப்பை முனிரத்தினத்தின் காலடியில் வைத்தேன். அவனே மாட்டிக்கொண்டான். அதைப் பார்த்த பிறகுதான் போனை எடுத்தேன். நல்லவேளை, கருணாகரன் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே இருந்தான்.

"கருணா, தணிகாசலம். என் பேர்ல இருக்கற லைன் கிளியர நானே திருப்பறேன். எல்லாரும் எறங்கிட்டாங்க."

கொஞ்ச நேரத்தில் தூரத்து ஊரில் தறிகள் பிடித்துக்கொண்டன. "வந்துட்ச்சு பாவா" என்றான் முனிரத்தினம், சந்தோஷமாக. ஆபீஸ் நேரம் எப்போதோ முடிந்திருந்தது. கடைசி லைன் கிளியரைத் திருப்பும்போது நான் அரசாங்க ஊழியனே இல்லை.

கீழதான் கீறேன்

எழுத்தில் யாரும் எதுவும் வாங்கவில்லை. மேடம் என்ன பேசினாள், எப்படிச் சமாளித்தாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. மறு வாரம் மலையில் மொட்டை போட்டுக்கொண்டேன். முனிரத்தினமும் கூட வந்து போட்டுக்கொண்டான். ஏகாம்பரம் அதற்குள் அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தான். மலையில் செருப்பு விடுகிற இடத்தில் டோக்கனை வாங்கி என் கையில் கொடுத்து, "நீயே வெச்சிக்க பாவா" என்றான்.

பயமும் ரிடையர் ஆகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. வீட்டில் மின்சாரம் போனால் ஒன்றும் இல்லை, நன்றாக இருப்பேன். வந்தால்தான் கை போனைத் தேடும். முனிரத்தினத்தைக் கூப்பிடுவேன். அவன் இப்போது 'அலோ'கூடச் சொல்வதில்லை. எடுத்ததும், "கீழதான் கீறேன் பாவா" என்பான். வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாலும் அதுதான். பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தாலும் அதுதான். நான் அதைக் கேட்கிறவரை சரோஜா ஃபேன்கூடப் போட மாட்டாள். நானாக எதுவும் சொன்னதில்லை, அவளாகப் பழகிக்கொண்டது.

போன வாரம் நல்ல வெயிலில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தேன். பைபாஸ் வரை போய்விட்டேன். பையில் போன் அடித்தது.

"குளிச்சிகினு இருந்தேன் பாவா. கீழதான் கீறேன்."

ரோட்டோரத்தில் வண்டியை நிறுத்தி, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். சரோஜா வாசலில் நின்றிருந்தாள். முகமெல்லாம் வேர்த்து வடிந்துகொண்டிருந்தது.

"இன்னா சொன்னான்?"

"கீழதான் கீறானாம்."

அவள் உள்ளே போய் ஃபேனைப் போட்டாள்.